நாலாவது பக்கம்

அக்கா வீட்டு நீச்சல் குளத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது நான்தான். கட்டட வரைபடம் வரைவது என் தொழில், இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அனுமதிக்கு எந்தெந்தத் தாள் வேண்டும், எந்தக் கோடு விட்டுப்போனால் கோப்பு திரும்பி வரும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அக்காவின் பிளான் முதல் தடவையே பாஸானது. கட்டி முடித்ததும் வந்து பார்த்தவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை.

அந்தப் பிளானில் குளத்துக்கு மூன்று பக்கம் வேலி. நாலாவது பக்கம் வீடு. ஹாலிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிக் கதவு, தள்ளித் திறக்கிற மாதிரி. திறந்து எட்டடி நடந்தால் தண்ணீர். நாங்கள் இருந்த இடத்தின் விதிப்படி வீட்டுச் சுவரையே வேலியின் ஒரு பக்கமாகக் கணக்கு வைக்கலாம். நானும் அப்படியே வரைந்தேன்.

குளம் தயாராகி மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீடு நிறைய ஆட்கள். குளத்தடியில் போட்டிருந்த நாற்காலிகளை அத்தான் உள்ளே எடுத்து வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் நாற்காலி, அதனால் கதவைச் சாத்தவில்லை. அக்காவின் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. "குழந்தை எங்கே?" என்று அக்கா மகள் சமையலறையிலிருந்து கேட்டபோது, அத்தானிடம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். என்னிடம் இருக்கிறான் என்று அத்தான் நினைத்திருந்தார்.

அவன் குளத்தின் முதல் படியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. கையில் ஒரு மஞ்சள் வாளி. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று ஒரு காலை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தான். அழுகை இல்லை, சிரிப்பு இல்லை, தண்ணீர் சலசலக்கிற சத்தம்கூட இல்லை. அக்கா மகள் ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாளி மட்டும் மிதந்து நடுக்குளத்துக்குப் போய்விட்டது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை, சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தது.

அன்றிலிருந்து நான் வரைகிற எந்தக் குளத்துக்கும் நாலு பக்கமும் வேலி போடுகிறேன். வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஏன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அனுமதி. வீட்டு மனைக்குள்தானே தோண்டுகிறோம், இதற்கு எதற்கு அனுமதி என்றுதான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிக்கிறார்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 45 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 45 டன். அவ்வளவு எடையும் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அருகில் வரப்போகிறது. அதற்கும் முன்னால், அந்த அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரப் பள்ளம் ஒன்று சில வாரங்கள் திறந்து கிடக்கப்போகிறது. அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து 45 டிகிரியில் சாய்வாக ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். பள்ளம் அந்தக் கோட்டை வெட்டினால் மண் சரியலாம், சுவர் விரிசல் விடலாம். எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் தோண்ட வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடியில் என்ன ஓடுகிறது என்றும் கேட்பார்கள்: செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் பார்ப்பார்கள். கம்பி அறுந்து தண்ணீரில் விழுவது ஒரு பயம். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. குளத்தைச் சுத்தம் செய்கிற வலை நீண்ட அலுமினியக் குழாயின் நுனியில் இருக்கும். ஈரக்காலோடு நின்று அதைத் தூக்கித் திருப்புகிறவர் மேலே பார்ப்பதில்லை. ஃபில்டர் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்பதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். குளோரின் கலந்த அந்தத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயிலோ செப்டிக் டேங்கிலோ விட்டுவிட முடியாது.

நிலத்தடி நீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலியான குளம் என்பது மண்ணில் புதைத்து வைத்த படகு மாதிரி. மேலே சொன்ன குளத்தின் சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனக் கான்கிரீட் என்றால், அந்தத் தொட்டியின் எடை சுமார் 34 டன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், அது தொட்டியை மேலே தள்ளுகிற விசை சுமார் 59 டன். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும் வரை கவலையில்லை. சுத்தம் பண்ணலாம் என்று அடைமழை முடிந்த கையோடு தண்ணீரை இறைத்தால், தொட்டி அப்படியே எழும்பும். ஒரு வீட்டில் நானே பார்த்தேன். ஒரு மூலை ஒரு சாண் மேலே வந்து நின்றது. ஓரத்து டைல்ஸ் எல்லாம் வெடித்து, பைப்புகள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. பிறகு அதை இறக்கி வைக்க வழியே இல்லை, உடைத்துத்தான் எடுத்தார்கள். தரையில் ஒரு சின்ன வால்வு வைத்திருந்தால், வெளியே அழுத்தம் கூடும்போது அது திறந்து நிலத்தடி நீரை உள்ளே விட்டிருக்கும். மண் பரிசோதனை அறிக்கை ஏன் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

ஆய்வுக்கு வருகிறவர்களை ஒரே ஒரு முறை கடைசியில் கூப்பிட்டால் போதாது. கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்கு முன் ஒரு முறை பார்க்க வேண்டும், மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எர்த்திங் இணைப்புகளும் அப்படித்தான். தண்ணீர் நிரப்புவதற்கு முன் வேலி நின்றிருக்க வேண்டும். 'வேலி அடுத்த மாதம் வருகிறது, அதுவரை பார்த்துக்கொள்கிறோம்' என்ற பேச்சே கூடாது. இன்னும் சொல்லப்போனால், பள்ளம் தோண்டிய நாளிலேயே தற்காலிகத் தடுப்பு போட்டாக வேண்டும். ஓர் இரவு மழை பெய்தால் அந்தப் பள்ளமும் குளம்தான், படி இல்லாத குளம்.

சரி, இப்போது வேலிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கான காரணங்களில் முதலிடத்தில் இருப்பது நீரில் மூழ்குவது. அந்த வயதில் அது பெரும்பாலும் நடப்பது நீச்சல் குளத்தில். அதிலும் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் நடப்பதைவிட, குழந்தை அங்கே இருக்கும் என்று யாருமே நினைக்காத நேரத்தில் நடப்பது அதிகம். அக்கா வீட்டில் நடந்ததும் அதுதான். தெருவில் போகிற குழந்தை உள்ளே வந்துவிடாமல் தடுக்கத்தான் மூன்று பக்க வேலி உதவும். குளத்துக்கு மிக அருகில், நாள் முழுக்க, கதவு திறக்கும் தூரத்தில் இருக்கிற குழந்தை அந்த வீட்டுக் குழந்தை. அது வருகிற பக்கம் நாலாவது பக்கம். குளத்தை மட்டும் தனியாக நாலு புறமும் சூழ்கிற வேலிதான் மூன்று பக்க வேலியைவிட அதிக உயிர்களைக் காக்கிறது என்று பல ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் பல இடங்களில் வீட்டுச் சுவரையே ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் கதவில் அலாரமோ குளத்துக்கு மேல்மூடியோ இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் புதிதாகக் கட்டுகிற வெளிப்புறக் குளத்தடிக்கு வீட்டிலிருந்து நேராகக் கதவு வைக்க முடியாது. பிரான்ஸ் 2003ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டது: தரைக்குள் கட்டிய வீட்டுக் குளத்துக்கு வேலி, அலாரம், மேல்மூடி, கூடாரம் இந்த நாலில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். நாலும் சமம் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரில் வைக்கிற அலாரம் குழந்தை தண்ணீருக்குள் போன பிறகு கத்தும். வேலி தண்ணீருக்கு முன்னாலேயே நிறுத்தும்.

வேலியின் அளவுகள் பல நாடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான். உயரம் குறைந்தது 120 சென்டிமீட்டர். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அதற்கு மேல் போனால் குழந்தையின் உடம்பு நுழையும். உடம்பு நுழைந்து தலை சிக்கினால் அது வேறு ஓர் ஆபத்து. அடியிலும் அதே 10 தான். மண் கரைந்து பள்ளமாகிற இடத்தில் வேலி நட்டால் ஒரு மழையில் அது 20 ஆகிவிடும், அதனால் நான் அடியில் ஒரு கான்கிரீட் திண்டு வைக்கச் சொல்வேன்.

குறுக்குக் கம்பிகள் விஷயத்தில்தான் நிறைய வேலிகள் தோற்கின்றன. குறுக்குக் கம்பி என்றால் குழந்தைக்கு அது ஏணி. ஆஸ்திரேலியாவின் விதிப்படி ஒரு குறுக்குக் கம்பிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 90 சென்டிமீட்டர் தூரம் வேண்டும், கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் அந்த 90க்குள் வரக் கூடாது. பூந்தொட்டி, பம்ப் பெட்டி, ஏசியின் வெளிப்பெட்டி, மரக்கிளை எல்லாம் இதில் சேரும். வேலி ஆய்வில் தேறிய மறுநாள் அதன் ஓரமாக ஒரு திண்ணையோ தொட்டியோ வந்து உட்கார்ந்துவிடுவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அப்புறம் கேட். ஒரு வேலியின் பலம் முழுக்க அதில்தான் இருக்கிறது. கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது நம் பக்கமாகத் திறக்க வேண்டும். குழந்தை எப்போதும் தள்ளும். தாழ் சரியாக விழாமல் இருந்தாலும், தள்ளத் தள்ள கேட் மூடத்தான் செய்யும். தாழ்ப்பாளின் பிடி உயரத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 137 சென்டிமீட்டர், ஆஸ்திரேலியாவில் 150. கேட் தானாக மூடி, தானாகத் தாழ் விழ வேண்டும். எந்த நிலையிலிருந்து விட்டாலும்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அகலத் திறந்து விட்டால் எந்த கேட்டும் வேகமாக வந்து மூடும். அதைப் பார்த்துவிட்டு சரி என்று கையெழுத்துப் போடுவார்கள். நான் செய்கிற சோதனை வேறு. தாழிலிருந்து ஒரு விரல் அகலம் மட்டும் கேட்டை விலக்கி, மெதுவாக விரலை எடுப்பேன். கீலில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அந்த ஒரு விரல் தூரத்தைக் கடக்க கேட்டுக்கு வலு போதாது. தாழின் நாக்கில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூடியிருப்பது போலவே தெரியும். தாழ் விழுந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் மட்டுமே அது மூடிய கேட். வெயிலில் இரும்பு நீளும், தூண் மண்ணில் சாயும், ஸ்பிரிங் வருடா வருடம் தளரும். நியூசிலாந்தில் வீட்டுக் குளங்களின் தடுப்பை 3 வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பரிசோதிக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஸ்பிரிங் 3 வருடம் காத்திருக்காது, வீட்டில் உள்ளவர்கள் மாதம் ஒரு முறையாவது விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

காற்றடித்து நிரப்புகிற ரப்பர் குளம் வாங்குகிறவர்கள் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்குமென்றால் ரப்பர் குளமும் குவீன்ஸ்லாந்தில் குளம்தான், வேலி வேண்டும். முழங்காலுக்கும் கீழே உள்ள ஆழம் அது. இரண்டு வயதுக் குழந்தை முகம் குப்புற விழ அது தாராளம். விளையாடி முடித்ததும் கவிழ்த்துக் காலி செய்துவிடுங்கள்.

தண்ணீருக்கு அடியில் இருக்கிற இன்னொரு விஷயம், வடிகால் மூடி. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டி ஒன்றின் அடி வடிகாலில் ஒட்டிக்கொண்டாள். முன்னாள் வெளியுறவுத் துறை அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். பம்ப் உறிஞ்சுகிற வேகத்தில் அவளை யாராலும் எளிதாகப் பிரிக்க முடியவில்லை. அவள் நன்றாக நீந்தத் தெரிந்தவள், ஆனாலும் பிழைக்கவில்லை. அவளுடைய தாய் வருடக்கணக்கில் போராடியதில் 2007இல் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. உறிஞ்சு வடிகாலுக்கு, உடம்போ முடியோ சிக்காத வகையில் வடிவமைத்த மூடிதான் அங்கே விற்கலாம்.

வரைபடத்தில் நான் இதற்குச் செய்வது எளிது: ஒரே வடிகால் வைப்பதில்லை. இரண்டு வடிகாலை ஒரு மீட்டராவது தள்ளித் தள்ளி வைத்து, ஒரே குழாயில் சேர்த்துவிடுகிறேன். ஒன்றின் மேல் யாராவது உட்கார்ந்து அடைத்தாலும் பம்ப் மற்றதன் வழியாக இழுத்துக்கொள்ளும், முதலாவதில் பிடி விட்டுப்போகும். மூடி விரிசல் விட்டிருந்தாலோ ஒரு திருகு இல்லாவிட்டாலோ அன்றைக்கு யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. பிளாஸ்டிக் மூடிகளுக்கு ஆயுட்காலமும் உண்டு, மூடியின் மேலேயே பொறித்திருப்பார்கள். நீளமான முடியைக் கட்டிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். பம்ப்பை நிறுத்துகிற சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீருக்குள் எரிகிற விளக்கு 12 வோல்ட்டில் ஓடட்டும், டிரான்ஸ்பார்மர் தள்ளி இருக்கட்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, ஏணி, கைப்பிடி, பம்ப்பின் உலோக உடல் எல்லாவற்றையும் ஒரே செப்புக் கம்பியால் இணைத்துவிட வேண்டும். எங்கேயாவது கசிவு வந்தாலும் எல்லாம் ஒரே மின் அழுத்தத்தில் இருந்தால், ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கிறவர் வழியாக மின்சாரம் பாயாது. கசிவைக் கண்டு அணைந்துவிடுகிற 30 மில்லிஆம்பியர் டிரிப்பர் கட்டாயம். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பார்த்த வீடுகள் குறைவு.

குளோரினையும் அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கிற குளோரின் வாயு வரும். இரண்டு வகைக் குளோரின் மருந்துகளை ஒரே வாளியில் கலந்தாலும் தீப்பிடிக்கலாம்.

இவ்வளவும் இருந்தாலும் ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'எல்லோரும் இருக்கிறோமே' என்பதில் யாரும் இல்லை என்று அன்று கற்றுக்கொண்டோம். மூழ்குகிறவர் கத்துவதில்லை, மூச்சு விடவே வாய் போதாதபோது கத்த முடியாது. அதனால் இப்போது அக்கா வீட்டில் குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒருவர் பொறுப்பு, அவர் கையில் போன் இருக்காது. எழுந்து போவதென்றால் இன்னொருவர் பெயரைச் சொல்லி, அவர் 'சரி' என்ற பிறகுதான் போகலாம். குளித்து முடித்ததும் பொம்மைகளை எல்லாம் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவோம், ஏனென்றால் மிதக்கிற பந்து குழந்தையை மறுபடி கூப்பிடும். வீட்டில் மூன்று பேர் முதலுதவி கற்றுக்கொண்டோம். நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் வேண்டியது காற்று. வெறுமனே நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் போதாது, வாயோடு வாய் வைத்து ஊதவும் தெரிய வேண்டும்.

அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரமே நாலாவது பக்கத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். "ஹாலில் இருந்து பார்த்தால் தண்ணீர் தெரியணும்னுதானேடி இவ்வளவு செலவு பண்ணினோம்" என்று அக்கா மறுத்தாள். "தெரியும் அக்கா, கண்ணாடி வேலி போடலாம்" என்றேன். அத்தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அளவு டேப்பின் மறுமுனையை வந்து பிடித்துக்கொண்டார்.

பேரனுக்கு இப்போது ஆறு வயது. நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டான். தங்கைப் பாப்பா நடக்க ஆரம்பித்திருக்கிறாள். நேற்று ராத்திரி அக்கா போன் பண்ணினாள். "ரெண்டு நாளா கேட்டுல அந்த 'டக்' சத்தம் கேட்கலடி. தள்ளிப் பார்த்தா மூடித்தான் இருக்கு" என்றாள். நான் வரும் வரை சைக்கிள் பூட்டைப் போட்டுப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கீலுக்குப் புது ஸ்பிரிங் இரண்டு என் பையில் இருக்கின்றன. காலையில் முதல் வேலையாக அங்கேதான் போகிறேன்.